நாலு கிலோ கூடிய நாய்

"விலா எலும்பே கைக்குத் தட்டுப்படலம்மா. ரெண்டு மாசத்துல நாலு கிலோ கூடியிருக்கு. வேற யாரோ சாப்பாடு போடுறாங்க" என்றார் நாய் டாக்டர்.

அவளுக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் நாயை நடக்கக் கூட்டிப்போவது கணவன்தான். திரும்பி வந்தால் இரண்டு பேருக்கும் பசியே இருப்பதில்லை. எந்த மகராசியின் கைப்பக்குவமோ?

அன்று பின்னாலேயே போனாள். மூன்றாவது தெருவில், ஒரு வீட்டு வாசலில் நாய் துள்ளியது.

"வாடா என் ராஜா" என்று உள்ளே ஒரு பெண்குரல் கொஞ்சியது.

வயிற்றெரிச்சலோடு கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

கணவனுக்கும் நாய்க்கும் பரிமாறிக்கொண்டிருந்தாள், போன வருஷம் இவள் பேச்சுப் பொறுக்காமல், எங்கே என்றும் சொல்லாமல் தனியே குடிபோன மாமியார்.

"ரெண்டும் எலும்பும் தோலுமா வந்து நின்னுச்சு, மனசு கேக்கல" என்றாள் மாமியார். "நீயும் அப்படித்தான் இருக்கே. உக்காரு."