மூன்று பார்லரும் ஒரு சுருள்முடியும்

“ஐம்பத்திரண்டு நிமிஷம்!”

குளியலறைக் கதவு திறந்ததும் மாமியார் கடிகாரத்தைப் பார்த்து அறிவித்தார். கால் மட்டும் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தது.

“தலைக்குக் குளிச்சியா, இல்ல தலையையே கழற்றித் துவைச்சியாம்மா?”

மருமகள் குனிந்து, ஈர முடியை உள்ளங்கையில் ஏந்தி நாலைந்து முறை கசக்கிவிட்டாள். பிறகு கணவனின் பழைய பனியனால் சுற்றிக் கட்டிக்கொண்டாள். துண்டால் துவட்டினால் சுருளெல்லாம் கலைந்து பஞ்சாகப் பறக்கும்.

“டேய், உன் பனியன் உன் உடம்புல இருந்ததைவிட இவ தலையில இருந்ததுதான்டா அதிகம்.”

மகன் செய்தித்தாளுக்குள் இன்னும் கொஞ்சம் புகுந்துகொண்டான்.

“சீப்பை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தா முடிஞ்சுது வேலை.”

“காயற வரைக்கும் சீப்பு படக்கூடாது அத்தை. சுருள் போயிடும்.”

“நல்லா இருக்கே! ஊர்ல எல்லாரும் சுருக்கம் போகணும்னு இஸ்திரி போடுறாங்க. நீ சுருக்கம் போயிடுமோன்னு பயப்படுறே!”

கல்யாணமாகி எட்டு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இது தவறியதில்லை. ஒருநாள் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து முடியை அளந்தே பார்த்துவிட்டார்.

“இழுத்துப் பிடிச்சா இருபத்திரண்டு அங்குலம். விட்டா பதினொண்ணு. பாதித் துணி மடிப்புலயே போகுதே! கடையில இப்படிக் குடுத்தா நான் வாங்கவே மாட்டேன்.”

தைக்கக் கொடுக்க வந்திருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மருமகளும் சிரித்துவைத்தாள். அன்று மாலை வரை அறையை விட்டு வெளியே வரவில்லை.

பதினேழு வயதில், பள்ளித் தோழிகளின் கிண்டல் பொறுக்காமல் ஒருமுறை முடியை நேராக்கிக்கொண்டவள் அவள். ஆறே வாரத்தில் கொத்துக் கொத்தாக உடைந்து சீப்போடு வந்தது. பழைய சுருள் திரும்பிவர மூன்று வருஷம் பாடுபட்டாள். அந்தக் கதையை, கல்யாணமான புதிதில் மாமியாரிடம் சொல்லியும் இருக்கிறாள். மெஷின் ஓடிய சத்தத்தில் அவர் காதில் விழுந்ததோ என்னவோ.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள்: “சனிக்கிழமை பார்லருக்குப் போய் முடியை நேராக்கிக்கப் போறேன்.”

“மறுபடியுமா? போன தடவையே உடைஞ்சு போச்சுன்னியே?”

“உடைஞ்சா உடையட்டும். வாராவாரம் நான் உடையறதுக்கு அது உடையறது மேல்.”

மாமியார் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். “அந்தத் தண்ணியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்து” என்றாரே தவிர வேறொன்றும் பேசவில்லை.

‘ஒரு பேச்சுக்காவது வேண்டாம்னு சொன்னாங்களா பாரு’ என்று அவளுக்கு மனசு கசந்துபோயிற்று.

சனிக்கிழமை, தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கடைத்தெருவில் மொத்தம் மூன்றே பார்லர்.

முதல் பார்லரில் இருந்த பெண் இவள் முடியைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தாள்.

“மெஷின் ரிப்பேர்ங்க.”

“எப்ப சரியாகும்?”

“சரியாகாதுங்க. அது... ரொம்ப மோசமான ரிப்பேர்.”

இரண்டாவது பார்லரில், “க்ரீம் தீர்ந்துபோச்சு” என்றார்கள்.

அலமாரியில் அதே க்ரீம் ஏழு டப்பா வரிசையாக இருந்தது.

“அப்ப அது?”

“அதெல்லாம் காலி டப்பா மேடம். சும்மா அழகுக்கு அடுக்கியிருக்கோம்.”

மூன்றாவது பார்லர் தெருக்கோடியில். அதை நடத்தும் அக்கா மட்டும் உள்ளே இருந்தார். இவள் வாயைத் திறக்கும் முன்பே, “கரண்ட் இல்லம்மா” என்றார்.

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“அது காத்துல சுத்துது” என்றார் அக்கா.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“ஏன்க்கா, என் முடியைத் தொடக்கூட உங்களுக்கெல்லாம் பிடிக்கலையா? வீட்டுலதான் கேலின்னா, காசு குடுத்து மாத்திக்க வந்தாலும் இப்படியா?”

அக்கா பதறிப்போனார்.

“ஐயையோ, அழாத கண்ணு. எனக்குப் பொய்யே சரியா வராது. வெளியே சொல்லமாட்டேன்னு வேற வாக்குக் குடுத்துத் தொலைச்சுட்டேன்.”

“யாருக்கு?”

“நேத்து ஒரு அம்மா வந்தாங்க. மூணு கடையும் ஏறி இறங்கினாங்களாம். ‘சுருள்முடியோட ஒரு பொண்ணு நாளைக்கு வருவா. என்ன கெஞ்சினாலும் நேராக்கிடாதீங்க, ஒருதடவை பட்டது போதும் அவ’ன்னாங்க. எனக்குக் கோபம் வந்துடுச்சு. ‘அவ முடி, அவ இஷ்டம். தடுக்க நீங்க யாரு?’ன்னு கேட்டுட்டேன்.”

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “அதுக்கு என்ன சொன்னாங்க?”

“‘அவளோட மாமியார். எட்டு மாசமா என் வாயை அடக்கப் பாக்கறேன், முடியல. நீங்களாவது உங்க மெஷினை அடக்கி வைங்க’ன்னாங்க.”