பதினாலாவது கேள்வி

"இதைப் பார்த்துட்டு மேலிடத்துல நிதியை நிறுத்திட்டா, நான் மறுபடியும் ஜனவரிப் பனியில நெடுஞ்சாலையில நின்னு லாரி மறிக்கணும். கொஞ்சம் மனசு வைம்மா!"

ஷெரிப் அலுவலகத்துப் போலீஸ்காரரான டெபுடி ஹ்ருஸ்கா மேசைமேல் விழாத குறையாகச் சாய்ந்தார். அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் அந்தப் பள்ளியில் எட்டு வருடமாகப் போதைத் தடுப்பு வகுப்பு எடுப்பவர் அவர்தான். பக்கத்து நாற்காலியில் அவர் வகுப்புக்குக் கொண்டுபோகும் பொம்மை, பீவர் என்ற நீர்விலங்கு, உட்கார்ந்திருந்தது. அதன் சட்டையில் வகுப்பின் முதல் பாடம்: 'உண்மையைச் சொல்லத் தயங்காதே.'

அந்த வகுப்பால் பலன் உண்டா என்று மதிப்பிட மாநில அரசு அனுப்பியவள் ஹோலி. பிள்ளைகள் பெயர் எழுதாமல் நிரப்பித் தந்த கேள்வித்தாள்களைக் கூட்டி முடித்திருந்தாள்.

"பீர் குறையல சார். மின் சிகரெட்டும் போன வருஷம் மாதிரியேதான்" என்றாள், தாளைப் பார்த்தபடி.

"பீர் அவங்கவங்க வீட்டு ஃப்ரிட்ஜ்லயே இருக்கு. அதுக்கு நான் என்ன பண்ண?" அவர் விரல் பட்டியலில் கீழே இறங்கிச் சட்டென்று நின்றது. "இதோ! பதினாலாவது கேள்வி. கெல்வாட்ரின் மாத்திரை. நூத்தி எண்பத்தாறு பேர்ல ஒருத்தர்கூடத் தொட்டதில்ல!"

"சார், அது வந்து..."

"அது வந்து இல்லம்மா, வந்து போயாச்சு! ரெண்டு வருஷம் முன்னாடி இந்த ஊரே அதுல மிதந்துச்சு. நீல மாத்திரை. கார் நிறுத்தற இடத்துல மூணு பேரைக் கையும் களவுமாப் பிடிச்சேன்."

"நீங்களேவா?"

"பின்ன, இந்த பீவரா பிடிச்சுது? அதுக்குன்னே தனியா ரெண்டு வகுப்பு எடுத்து ஒழிச்சுக் கட்டினேன். அறிக்கையில பெரிசாப் போடு."

"நான் என்ன சொல்ல வர்றேன்னா சார்..."

"இதுக்கெல்லாம் கூச்சப்படலாமா? என் பேரோடயே போடு." அவரே பேனாவைப் பிடுங்கி, தாளின் ஓரத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

ஹோலி அந்தக் கையெழுத்தையும் பீவரின் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க முதல் பாடம் பசங்க மனசுல நல்லாவே பதிஞ்சிருக்கு சார்" என்றாள் மெல்ல. "பொய்யா டிக் அடிக்கிறவங்களைக் கண்டுபிடிக்க நாங்களே இட்டுக்கட்டின பேர் அது. கெல்வாட்ரின்னு ஒரு மாத்திரையே உலகத்துல கிடையாது. பசங்க நூத்தி எண்பத்தாறு பேரும் தேறிட்டாங்க."