குண்டூசி வீட்டுக் கடவுள்

காலை 11.10. பதினாலாவது கண்டனக் கடிதம். அத்தனையும் ஒரே ஆள் மேல்: குண்டூசி என்று புனைபெயர் போட்டிருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை.

'கடவுள் எங்க வீட்டுல இருந்தா...' என்று வாரப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்குக் கவிதை கேட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை கடவுளை ஸ்கூட்டரில் ஏற்றியது. இன்னொன்று அவருக்கு வீட்டுப்பாடம் கொடுத்தது. யாரும் கோபப்படவில்லை.

குண்டூசியின் கவிதை அச்சில் இப்படி வந்திருந்தது:

எங்க வீட்டுப் பின்னறையில
கடவுள் இருக்கார், அப்பா சொன்னார்.
பேசக் கூடாதாம், பார்க்கக் கூடாதாம்.
கடவுளுக்கு ஒரே இருமல்.
நான் சுவர்ல தட்டினா
அவரும் தட்டுவார்.
கதவுக்கடியில பிஸ்கட் தள்ளினா
விரல் மட்டும் வரும்.
நான் சொல்லவே இல்ல,
என் பேர் அவருக்குத் தெரியுது!

பத்திரிகை ஆசிரியர், சிறுவர் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, கடவுளுக்கு இருமல் வருமா? கதவுக்கடியில தள்ளுறதை எடுத்துத் திம்பாரா?"

"சின்னப் பிள்ளை விளையாட்டா எழுதினது சார்."

"விளையாட்டு நம்ம பொழப்புல வந்து விடியும். வர்ற வாரம் வருத்தம் தெரிவிச்சுப் போடு. இல்லேன்னா அந்தப் பக்கத்தையே தூக்கிடுவேன்."

"பிள்ளை முகவரிகூட எழுதலை சார். பரிசுப் புத்தகம் அனுப்பவே வழியில்ல."

"நல்லதாப் போச்சு. அனுப்பாதே."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இடத்துக்கு வந்தாள். எதிர் மேஜையில் புரூஃப் ரீடர் கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இதைக் கேளும்மா, இவருக்குத்தான் சூடு ஜாஸ்தி. மன்னிப்பை வீட்டுக்கே எழுதி அனுப்பணுமாம். கதவு எண்ணோட முகவரி போட்டிருக்கார். கையெழுத்து, 'பெண் குழந்தையைப் பக்தியோடு வளர்க்கும் ஒரு தகப்பன்'."

"படிங்கண்ணே. வாங்கிக் கட்டிக்கிறேன்."

"'எல்லாம் வல்ல கடவுளை இரண்டு பூட்டுப் போட்டு அறையில் அடைத்திருப்பதாக எழுத என்ன துணிச்சல்...'"

அவள் சிரித்துவிட்டாள். "பூட்டா? கவிதையில பூட்டு எங்கண்ணே வருது? படிக்காமலே திட்டக் கிளம்பிடுறாங்க!"

புரூஃப் ரீடர் சிரிக்கவில்லை.

"அச்சுல வரலைம்மா. இடம் பத்தலைன்னு ரெண்டு வரி வெட்டினியே, ஞாபகம் இருக்கா?"

ஃபைலைத் திறந்து மூலத்தாளை எடுத்தார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். பென்சில் எழுத்து. கடைசி இரண்டு வரிகளின் மேல் அவளுடைய சிவப்பு மைக் கோடு. அதற்கடியில்:

வெளிய ரெண்டு பூட்டு.
கடவுள் தொலைஞ்சு போகாம இருக்க.

"இந்த வரி மூணு பேருக்குத்தான் தெரியும். எழுதின பிள்ளைக்கு, உனக்கு, எனக்கு," என்றார் புரூஃப் ரீடர்.

அவள் தகப்பனின் கடிதத்தை வாங்கி அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பப் படித்தாள். இரண்டு. ஒன்றல்ல, மூன்றல்ல.

"அப்போ அந்த இருமல்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

ஆசிரியர் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "மன்னிப்பு எழுதியாச்சா?"

அவள் போனை எடுத்தாள். போலீஸ் எண் மூன்றே இலக்கம்தான். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

"அண்ணே, அந்த முகவரியைச் சொல்லுங்க. மெதுவா."

அதே நாள், ஆகஸ்ட் 19, மாலை 4.40-க்கு அந்த வீட்டுப் பின்னறையின் பூட்டுகள் உடைக்கப்பட்டன. உள்ளே இருந்தவர் குண்டூசியின் அம்மா; பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப்போனவள் என்று அந்தத் தெருவே ஐந்து வருஷமாகத் தூற்றிக்கொண்டிருந்த பெண்.