ஃபியூஸ் திருடன்

மறுபடியும் ஃபியூஸைக் காணோம்.

துண்டோடு குளியலறைக்குள் போன முதல் ஆள் "ஐயோ அம்மா!" என்று அலறியதிலேயே பட்டாளம் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. வெளியே புல் மேல் பனி உறைந்து கிடந்தது. கீசர் ஓடாத குழாயில் தண்ணீர் ஊசி ஊசியாய்க் கொட்டியது.

கான்ட்ராக்டர் வந்தார். கட்டடம், குழாய், கீசர் எல்லாமே அவருடைய கைவண்ணம்தான். குரலில் தேனைத் தடவிக்கொண்டு கேப்டனிடம் சொன்னார்:

"சார், தப்பா நினைக்காதீங்க. நான் மாட்ட மாட்ட உங்க பசங்க கழட்டறாங்க. பழைய சாமான் கடையில போட்டா ஒரு டீக்காவது ஆகும்ல?"

கேப்டனுக்குத் தந்தி அடிப்பதுபோலத்தான் பேச வரும்.

"சார்ஜன்ட். திருடன் வேணும். கிடைக்கற வரைக்கும் லீவு கிடையாது. யாருக்கும்."

சார்ஜன்ட்டின் லீவும் போச்சு. ஊருக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்தார். மகள் பிறந்து, குப்புற விழுந்து, இப்போது தவழவே ஆரம்பித்துவிட்டாளாம். அப்பா இன்னும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்.

அன்றிலிருந்து அவர் கண்ணுக்கு எல்லாருமே திருடர்கள். சிரித்தவன் மேல் சந்தேகம். சிரிக்காதவன் மேல் இன்னும் சந்தேகம்.

சுற்றிச் சுற்றி அந்தச் சந்தேகம் 'பனிக்கரடி' என்று பட்டப்பெயர் வாங்கிய சிப்பாய் மேல் போய் நின்றது. மற்றவர்களுக்குப் பல் கிடுகிடுக்கும்போது அவன் மட்டும் பச்சைத் தண்ணீரில் பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பான். "உனக்கு மட்டும் குளிராதாடா?" என்றால், "பழகிக்கணும் அண்ணே" என்பான்.

பழகிக்கணுமாமே!

மறுநாள் விசில் ஊதுவதற்கு முன்பே சார்ஜன்ட் எழுந்து, குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றார். பனிக்கரடி பூனை மாதிரி வந்தான். ஸ்டூலைப் போட்டு ஏறினான். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டான்.

கொத்தாகக் காலரைப் பிடித்தார் சார்ஜன்ட்.

"எத்தனை நாளாடா இந்தத் தொழில்?"

"அண்ணே, சத்தியமா விக்கலண்ணே! எல்லாம் என் பெட்டியிலதான் இருக்கு!"

"சேத்து வெச்சு என்ன, மாலையாக் கோத்துப் போட்டுக்கப் போறியா?"

பனிக்கரடி காலரை விடுவித்துக்கொள்ளவில்லை. "நெட்டை எப்படிண்ணே விழுந்தான்?" என்றான்.

நெட்டை, போன மாதம் இதே குளியலறையில் விழுந்தவன். ஆஸ்பத்திரியில் ஒரு கை அசையாமல் கிடக்கிறான். சோப்பு வழுக்கிவிட்டது என்று கான்ட்ராக்டர் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

"வழுக்கலண்ணே. தூக்கினவன் நான். குழாயை விட்டு அவன் கை வரல. என்னையும் சேத்து அந்தச் சுவத்துல அடிச்சுது. கீசர்லருந்து குழாய்க்குக் கரண்டு வருதுண்ணே."

"கேப்டன்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே!" பனிக்கரடி விறைத்து நின்றான். தொண்டையிலிருந்து அப்படியே கேப்டன் வந்தார். "'கான்ட்ராக்டர் செக் பண்ணிட்டார். எல்லாம் சரி. புரளி கிளப்பாதே. மூட்டையைத் தூக்கு. மைதானத்தைச் சுத்து.' சாயங்காலம் வரைக்கும் சுத்தினேண்ணே."

சார்ஜன்ட் நம்பவில்லை. மாட்டிக்கொண்டால் எவன்தான் கதை விடமாட்டான்? அதுவும் எந்தக் குரலையும் தொண்டையில் வைத்திருக்கிற கில்லாடி இவன். பிடித்துக் கொடுத்தால் இவனுக்கு வேலை போகும், அவருக்கு லீவு வரும். அவ்வளவுதானே?

ஃபியூஸை வாங்கி அவரே மாட்டினார். கீசரில் சிவப்பு விளக்கு எரிந்தது. குழாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

கை பாதியிலேயே நின்றது.

"பொய்யின்னா தொடுங்கண்ணே."

"வாயை மூடுடா." கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "செக் பண்ணின மகராசன் வந்து திறக்கட்டும். அப்புறம் இருக்கு உனக்கு."

ஃபியூஸ் கிடைத்துவிட்டது என்று கேப்டனுக்கும் கான்ட்ராக்டருக்கும் ஆள் அனுப்பினார்.

முதலில் கேப்டன் வந்துவிட்டார். மைதானத்திலிருந்து நேராக வந்ததில் முழங்கை வரை சேறு.

"சபாஷ். திருடன் யாரு?"

"சொல்றேன் சார். கான்ட்ராக்டரும் வந்துரட்டும். அவர் கையாலேயே குழாயைத் திறந்தா..."

"திறப்பு விழாவா? தள்ளு." சேற்று பூட்ஸை வாசலில் உதறிவிட்டு, வெறும் காலோடு ஈரத்தரையில் நடந்தார். "சூடா வருதா பாப்போம்."

சார்ஜன்ட்டுக்கு இரண்டு பக்கமும் இடி. பனிக்கரடி சொன்னது பொய்யென்றால் அவர் மானம் போகும். நிஜமென்றால் கேப்டனே போய்விடுவார்.

"சார், வேணாம்..." என்று அவர் வாயைத் திறக்க, பனிக்கரடி மெயின் சுவிட்சை நோக்கிப் பாய, இரண்டையும் முந்திக்கொண்டு வாசலிலிருந்து ஓர் அலறல் வந்தது.

கான்ட்ராக்டர். எரியும் சிவப்பு விளக்கையும், குழாய்க்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்த கேப்டனின் கையையும் பார்த்து அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"சார்! நீங்க தொடாதீங்க சார்! அது பசங்களுக்குப் போட்ட குழாய்!"