கத்தலீனாவின் கையெழுத்து

“இன்னைக்கும் அவகிட்டதானா?” யொலெய்தா வாசலை மறித்தாள்.

“வாத்தியார் வேலை விஷயமா போறேன்டி.”

“வேலை கேட்கிறவன் தினமும் சாயங்காலமாவா போவான்? அதுவும் சென்ட் அடிச்சுக்கிட்டு?”

அவள் கணவன் வில்மர் குனிந்து அவள் கைக்கடியில் நழுவினான். வெனிசுவேலாவில் பதினைந்து வருஷம் கணக்கு வாத்தியார். சிலி நாட்டுக்கு வந்து ஏழு மாதமாகியும் வேலை கிடைக்கவில்லை.

நேற்று அவன் நோட்டில் சிவப்பு மையில் ஒரு வரி: ‘ரொம்ப அழகு! மிச்சத்தையும் எதிர்பார்க்கிறேன். கத்தலீனா.’ மற்றதைப் படிக்க யொலெய்தாவுக்கு ஏது பொறுமை? அவன் கண்ணெதிரிலேயே அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

இன்று வயிற்றெரிச்சலோடு அவன் பின்னாலேயே போனாள். அவன் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தான். ஜன்னலில் எட்டிப் பார்த்தால், உள்ளே ஒருத்தி. இவள்தான் கத்தலீனாவா? சின்ன வயசு, நல்ல அழகி!

யொலெய்தா செருப்பைக் கழற்றினாள்.

“வில்மர், எழுந்திரிங்க!” என்றாள் கத்தலீனா.

கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தான்.

“உங்க ஊர்ப் பள்ளிச் சான்றிதழ்ல அரசு முத்திரை இல்லைன்னுதானே மறுபடியும் பள்ளிப் படிப்பு முடிக்க வந்திருக்கீங்க? இப்படி இருந்தா வாத்தியார் வேலை எப்படிக் கிடைக்கும்? ‘என் மனைவியின் பொறுமை’ கட்டுரை எங்கே?”

வில்மர் தலையைச் சொறிந்தான்.

“அவளே கிழிச்சுட்டா, டீச்சர்.”