பதில் வராத பெயர்

ஓர் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்குள் நோயாளிகளின் கோப்புகளுக்கு ஒரு குட்டி நிரல் காவல் இருந்தது. யாரைக் கண்டாலும் அதற்குச் சந்தேகம். வருகிறவர் மருத்துவர் குழுவில் இருக்கிறாரா என்று கம்ப்யூட்டரிடம் கேட்காமல் கதவைத் திறக்காது.

குழுவில் இருக்கிற ஆள் என்றால் அந்தக் கம்ப்யூட்டர் வாயே திறக்காது. இல்லாத ஆள் வந்தால்தான் கத்தும். நிரல் அதிலேயே பழகிவிட்டது.

ஒருநாள் நிரலை அப்படியே தூக்கிப் புதுக் கம்ப்யூட்டரில் வைத்தார்கள்.

முதலில் டாக்டர் கோமளவல்லி வந்தார்.

"இவர் குழுவில் உண்டா?" என்று நிரல் கேட்டது.

"உண்டு, நம்ம ஆள்தான்" என்றது புதுக் கம்ப்யூட்டர்.

சத்தம் வந்துவிட்டதே என்று நிரல் கதவை இழுத்துச் சாத்தியது.

அடுத்து டாக்டர் தணிகைவேல் வந்தார். "இவரும் நம்ம ஆள்தாம்பா. எதுக்கு வெளியே நிறுத்துற?" என்றது கம்ப்யூட்டர்.

"சிபாரிசு வேறயா?" என்று நிரல் இன்னொரு பூட்டையும் போட்டது.

பிறகு முன்பின் தெரியாத ஒருவன் வந்து நின்றான். நிரல் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டது. கம்ப்யூட்டர் தேடித் தேடிப் பார்த்தது. அப்படி ஒரு பெயரே அதனிடம் இல்லை. தெரியாத ஆளைப் பற்றி நாம் என்ன சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டது.

நிரல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. ஒரு சத்தமும் இல்லை. அன்றைக்கு முதல்முறையாக அதன் முகம் மலர்ந்தது.

"வாங்க சார். காலையிலேர்ந்து வந்ததுல நீங்க ஒருத்தர்தான் ஒழுங்கான ஆள்."