மாத்த முடியாத பேரு

“பேரை மாத்தும்மா. ரெண்டு நிமிஷ வேலை” என்றார் மணிமாறன் அண்ணன்.

“மாத்த முடியாதுங்ண்ணா” என்றாள் அறிவுச்செல்வி.

வேலைக்கு வந்த முதல் நாள். சாயங்காலத்துக்குள் கொடுத்ததை முடித்தால்தான் வேலை நிச்சயம். இல்லையென்றால் சொந்த ஊருக்கே, வாழப்பாடி பஸ் ஏற வேண்டியதுதான். இந்த நிலைமையில் ஒருத்தி இப்படிப் பேசினால் என்ன நினைப்பீர்கள்? நாங்களும் அதைத்தான் நினைத்தோம். திமிர்.

எங்கள் ஆபீஸ் ஃபேர்லேண்ட்ஸில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில். கடைகளுக்கு பில் போடுகிற சாஃப்ட்வேர் எழுதித் தருகிறோம். எழுதுகிறோம் என்றால் மணிமாறன் அண்ணன் மாதிரி ஆட்கள் எழுதுகிறார்கள். நான் ப்ளஸ் டூவோடு நின்றுவிட்டு இங்கே போன் எடுக்கிறேன்.

அவளுக்குக் கொடுத்த வேலை பெரிதில்லை. ஒரு டூலை இன்ஸ்டால் பண்ணி, எங்கள் ப்ராஜெக்டை அதில் ஓட்டிக் காட்ட வேண்டும். சாஃப்ட்வேர் ஓட என்னென்ன லைப்ரரி வேண்டுமோ, எல்லாவற்றையும் சரியான வெர்ஷனில் இழுத்து வந்து, கடைசியில் ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிற டூல். கஸ்டமர் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் அதை வைத்துத்தான்.

அவள் லேப்டாப்பில் அது ஏறவே இல்லை. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

காரணத்தை மணிமாறன் அண்ணன் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டார். யூசர் பேர் தமிழில் இருந்தது. ‘சென்னியம்மாள்.’ ஃபோல்டருக்கும் அதே பேர். டூலுக்கு அதைப் படிக்கத் தெரியாமல் கேள்விக்குறியாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

“யாரு இது, உங்க குலசாமியா?”

அவள் சிரித்ததோடு சரி.

“இங்கிலீஷ்ல ஒரு புது யூசர் போட்டு அதுல ஏத்து. சோலி முடிஞ்சது.”

“இந்தப் பேர்லயே ஏறணும்ங்ண்ணா. மாத்திட்டா அப்புறம் என்ன பிரயோஜனம்?”

“பாசத்தையெல்லாம் வீட்டுல வெச்சுட்டு வரணும். டூலுக்கு அது தெரியாது.”

சத்தம் கேட்டு முதலாளி மோகன்குமார் சார் வந்தார்.

“என்ன, இங்கயும் ஏறலையா? நேத்து ஒரு தீவனக் கடை அம்மா லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து இதே பாட்டுதான். பெட்டி பழசும்மா, புதுசு வாங்குங்கன்னு கொட்டேஷன் குடுத்து அனுப்பி அந்தக் கேஸை மூடினேன். இனி அதுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். இன்னைக்கு நீயா?”

“ஏத்திடுவேங்க சார்.”

ஏற்றினாள், அழித்தாள், மறுபடி ஏற்றினாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு “வாரேன்” என்றாள், வரவில்லை. நடுவில் போன் வேறு. மாடிப்படியில் போய் உட்கார்ந்து யாரிடமோ குசுகுசுவென்று பேச்சு. வேலைக்கு வந்த அன்றே!

ஐந்து மணிக்கு சார் அவள் எதிரே வந்து நின்றார்.

“ஏறிச்சா?”

“ஏறிடுச்சுங்க சார். பேரை மாத்தலை. டூல் தன் சாமானை வைக்கிற இடத்தை மட்டும் வேற ஃபோல்டருக்குத் திருப்பி விட்டேன்.”

“ரெண்டு நிமிஷத்துல முடிய வேண்டியதுக்கு ஒரு பகலா?”

“சார், நீங்க குடுத்த வேலை காலைலயே...”

“போதும்மா. பேருக்காகப் பிடிவாதம் பிடிக்கிறவங்களை வெச்சுட்டு நான் ஆபீஸ் நடத்த முடியாது. நாளைக்கு வர வேண்டாம்.”

அவள் முகம் சுருங்கிப் போனது. சார்ஜர் வயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

அப்போதுதான் என் மேஜையில் போன் அடித்தது. கஸ்டமர் போன் எதுவானாலும் ஸ்பீக்கரில் போட வேண்டும் என்பது சார் வைத்த சட்டம். போட்டேன்.

“ஏனுங்க, சென்னியம்மா பேசறேனுங்க. வையப்பமலை தீவனக் கடை.”

வயர் சுற்றுகிற கை நின்றது. மணிமாறன் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

“புதுப் பொட்டி வாங்கச் சொல்லி சீட்டு குடுத்தீங்கல்லங்க, அது வேண்டாமுங்க. பழசுலயே ஏறிப்போச்சு. நேத்து அங்க என்ற பக்கத்துல ஒரு புள்ள இன்டர்வியூன்னு உக்காந்திருந்துச்சுங்க. என்ற பொட்டியத் தொறந்து பாத்துட்டு நம்பர் வாங்கிக்கிச்சு. இன்னைக்கு அது போன்ல சொல்லச் சொல்ல நானே தட்டுனேனுங்க.”

சார் என் மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

“பொட்டியில என்ற பேரு தமிழ்ல இருக்கறதுதான் தகராறாமுங்க. மாத்திப்போடட்டான்னு கேட்டேன். உங்க பேரு எதுக்கு மாறோணும், அந்த டூலுதான் மாறோணும்னுடுச்சு. பையன் ஆசையா வெச்சுக் குடுத்த பேருங்க. அப்படியே நிக்குது.”

அறிவுச்செல்வி லேப்டாப்பில் யூசரை மாற்றினாள். இங்கிலீஷில் அவளுடைய சொந்தப் பேர். அதில் எங்கள் ப்ராஜெக்ட், சார் கேட்டபடியே, ஓடிக்கொண்டிருந்தது. இதைக் காலையிலேயே முடித்துவிட்டு, அந்த அம்மாவின் கோளாறை வரவழைத்துப் பார்க்கத்தான் தமிழ்ப் பேரில் இன்னொரு யூசர் போட்டிருக்கிறாள்.

“அந்தப் புள்ள பேரக் கேக்க மறந்துட்டேனுங்க சாமி. உங்க ஆபீஸ் புள்ளதானுங்களே?”

சாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கிற வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

“எங்க ஆபீஸ் புள்ளதானுங்க. பேரு அறிவுச்செல்வி” என்றேன், கீழே பேக்கரி வரைக்கும் கேட்கிற மாதிரி.